கயத்தாறோடு திரும்பி வந்தவர்

போன பங்குனி மாதம், விளாத்திகுளத்தில் ஒரு வத்தல் கமிஷன் கடை வாசலில் நடந்தது இது. மிளகாய் வத்தல் வரத்து மும்முரமாக இருந்த நேரம். கடைக்கு முன்னால் லோடு வண்டியும் மூட்டையும் தும்மலுமாக ஒரே கூட்டம். பட்டப்பகலில், அத்தனை பேருக்கு நடுவே, ஐம்பது வயதைத் தாண்டிய நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன். வத்தலுக்கு விலை கிடைக்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். விலைக்காக அழுவதென்றால் நான் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே அழுதுகொண்டிருக்க வேண்டும். இது வேறு. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

எங்களுக்கு விளாத்திகுளத்துக்கு வடக்கே ஒரு கிராமம். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. மிளகாய், கொஞ்சம் பருத்தி, வீட்டுக்குக் கம்பு. ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். மற்றபடி வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான்.

அவருக்குச் சர்க்கரை வந்து வெகு காலமாகிறது. நினைத்தால் மாத்திரை போடுவார், மறந்தால் மறந்ததுதான். "எனக்கு என்னட்டி, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்பார். அந்தக் கல்லுக்குண்டுக்குத்தான் ஒருநாள் காலும் முகமும் வீங்கிக்கொண்டன. கோவில்பட்டியில் கிட்னி பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் போய்விட்டது, இனி போனது திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் என் வீட்டுக்காரர் தன் கண்ணில் கறுப்பு நூல் மிதக்கிறது என்றார். திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் போனால், இரண்டு கண்ணிலும் பின்பக்கம் ரத்தம் கசிகிறது, மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்.

ஆக, கிட்னிக்குக் கோவில்பட்டி, கண்ணுக்குத் திருநெல்வேலி. சர்க்கரைக்கு உள்ளூர் ஆஸ்பத்திரி. என் பிழைப்பே பஸ்ஸில் ஓட ஆரம்பித்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து இரண்டு உலை வைக்க வேண்டும். அவருக்கு உப்புப் போடாமல் ஒன்று, எனக்கு ஒன்று. அவருக்கான காயை வேகவைத்து, கிட்னிக்கு ஆகாத சத்து இறங்கட்டும் என்று தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி தாளிக்க வேண்டும். அத்தனை பாடுபட்டு வைத்தால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாவ" என்று ஒரு நக்கல் வேறு. அப்புறம் மாத்திரைப் பை, எக்ஸ்ரே கவர், தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முதல் பஸ். ஊருக்குத் திரும்பும்போது ஆடு மாடெல்லாம் பட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும். நான்தான் கடைசி.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அலுப்பு வந்தால் வாய்விட்டுப் புலம்பிவிடுவேன். "இந்த பஸ்ஸுல ஏறி எறங்கியே என் முட்டி தேஞ்சு போச்சு. எந்தச் சென்மத்துல செஞ்ச பாவமோ, இப்பிடி அலையுதேன்" என்று ஆரம்பித்தால் எட்டயபுரம் வரைக்கும் நிறுத்த மாட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார். காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியாது. பக்கத்து சீட்டுக்காரிகள்தான் எனக்கு 'ஆமாம்' போட்டுக்கொண்டு வருவார்கள். புலம்பி முடித்தால் எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருக்கும். அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. மிளகாய் நெருக்கமாக முளைத்தது. கார்த்திகையில் வானம் பொய்த்துவிட்டது. எங்கள் பக்கம் இந்த மாதிரி நேரத்தில் செடியைக் கலைத்து விடுவோம். அதாவது, பாதிச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் மண்ணில் இருக்கிற கொஞ்ச ஈரமும் மீதிச் செடிக்குக் கிடைக்கும். கேட்க சுலபமாக இருக்கும். செய்யும்போதுதான் தெரியும். பிடுங்குகிற செடியும் பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். எனக்கு அந்த வேலை ஆகவே ஆகாது. கை வராது. அவர்தான் குனிந்து வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போவார். "எரக்கப்பட்டா ரெண்டும் போயிரும்ளா. ஒண்ணை விட்டாத்தான் ஒண்ணு நிக்கும்" என்பார். அந்தக் கார்த்திகையிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டே பிடுங்கினார். கால் வீக்கத்தோடு காட்டுக்கு வரவேண்டாம் என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவில்லை.

மார்கழியில் கோவில்பட்டி டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயசுதான், ஆனால் பொறுமைசாலி. கூட்டம் குறைவாக இருந்தால் படம் வரைந்து காட்டி விளக்குவார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, "கிட்னி எப்பிடிம்மா கெட்டுப் போகுது? அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். நாலு மாதமாக வாயைத் திறக்காத மனுஷன் கேட்டதில் டாக்டரம்மாவுக்கே சந்தோஷம்.

கிட்னி முழுக்க முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள்தானாம். சர்க்கரையும் பிரஷரும் அந்தக் குழாய்களை நாள்பட அரித்துவிடுகின்றனவாம். குழாய்கள் உயிரோடு இருப்பதற்கு உடம்பே ஒரு பொருளைச் சுரந்து கொடுக்கிறது, அதற்கு வளர்ச்சிக் காரணி என்று பேர் என்றார். நோய் முற்றினால் கிட்னியில் அந்தப் பொருள் குறைந்துகொண்டே வருமாம். அது குறைந்தால் குழாய் சுருங்கி மறைந்துவிடும். குழாய் போன இடத்துக்கு ரத்தம் வராது. ரத்தம் வராத இடம் தழும்பாக இறுகிப்போகும். தழும்பான இடம் வேலை செய்யாது. அந்தப் பொருளையே மருந்தாகக் கொடுத்துக் குழாயைக் காப்பாற்ற முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்திருக்கிறதாம். "ஆனா மனுஷங்களுக்கு அது இன்னும் வரலை அண்ணாச்சி. அது வரைக்கும் பிரஷர், சர்க்கரை, உப்பு. இந்த மூணையும் பிடிச்சு வச்சா இருக்குற குழாய் நிக்கும்" என்றார்.

இவர் விடவில்லை. "அப்பம் கண்ணுல?" என்றார்.

கண்ணில் நேர் எதிராம். அங்கே அதே பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து, தேவையில்லாத குழாய்கள் கண்டபடி முளைத்து, வலுவில்லாமல் வெடித்து ரத்தம் கசிகிறதாம். கண்ணுக்குப் போடுகிற ஊசி அந்தப் பொருளைக் கட்டுப்படுத்துவதற்குத்தான் என்றார்.

"கண்ணுல போட்ட ஊசி கண்ணோட நின்னுக்கிடுமாம்மா?"

"கொஞ்சூண்டு ரத்தத்துலயும் கலக்கும். அது ரொம்பக் கம்மி. இருந்தாலும் நான் பிரஷரும் யூரின் டெஸ்ட்டும் விடாமப் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

இது எல்லாம் நடந்தபோது நானும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் மின்விசிறிக் காற்றில் எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. இன்னும் மருந்து வாங்க வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதில்தான் புத்தி இருந்தது. திரும்பும் வழியில் அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார். நான் வழக்கம்போல முட்டி வலியைப் பாடிக்கொண்டு வந்தேன்.

தை மாதம் கண் ஊசிக்குத் திருநெல்வேலி போக வேண்டிய நாள். அன்றைக்குப் பார்த்து மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. விட்டால் பழம் செடியிலேயே காய்ந்து உதிரும். "நீ காட்டுல நில்லு. எனக்கென்ன, போற வழி தெரியாதா? நான் போயிட்டு வாரேன்" என்று அவரே கிளம்பினார். எனக்கு மனசில்லைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், ஒருநாள் பஸ் ஏற வேண்டாம் என்பதில் உடம்பு கொஞ்சம் குளிர்ந்தும் போனது.

பொழுது சாய வந்தார். கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் வெளிச்சம் கூசும் என்று கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தடுமாறித் தடுமாறி வந்தார். "இனிமே ஊசி வேண்டாமாம். கசிவு நின்னுபோச்சாம். ஆடி கழிச்சு வந்து காட்டினாப் போதும்னுட்டாரு" என்றார். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அப்பாடா, ஒரு ஊர் குறைந்தது என்று சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மகனிடமும் சொன்னேன். அவனும் சந்தோஷப்பட்டான்.

பழத்தைக் களத்தில் காயப்போட்டோம். காய்ந்த பிறகு தரம் பிரிக்க வேண்டும். நல்ல சிவப்பு வத்தல் ஒரு பக்கம். வெளுத்துப்போய், மஞ்சளாகக் கிடப்பதைச் சண்டு என்போம், அது ஒரு பக்கம். சண்டு கலந்தால் மூட்டைக்கே மரியாதை போய்விடும். அதில் என் வீட்டுக்காரர் ராஜா. அவர் கை பட்ட மூட்டையைக் கமிஷன் கடையில் பிரித்துப் பார்ப்பதே இல்லை. "அண்ணாச்சி மூட்டையா, அப்பிடியே தராசுல ஏத்து" என்பார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. எனக்கும் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்த வருடம் அவர் களத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தடவித் தடவிப் பிரித்தார். வேலை ஓடவில்லை. நான் பக்கத்தில் வெங்காயச்சருகு மாதிரி காய்ந்துபோய் நின்றுகொண்டு, "இப்பிடித் தடவுனா அடுத்த பங்குனிக்குத்தான் மூட்டை கட்டணும்" என்று கத்தினேன். கிட்னிக்காரர், உடம்பில் தெம்பில்லை, அதனால் மெதுவாகச் செய்கிறார் என்று நினைத்தேன். வேறு நினைப்பு எனக்கு ஓடவில்லை. ஒருநாள் வாசற்படியில் கால் தட்டினார். ஒருநாள் டம்ளரைத் தட்டிவிட்டார். இரண்டுக்கும் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

இப்போது கடை வாசலுக்கு வருகிறேன்.

மூட்டையை இறக்கினார்கள். கடைக்காரரின் அண்ணன் மகன் அன்றைக்குக் கல்லாவில் இருந்தார், வேலைக்குப் புதிது. என்ன தோன்றியதோ, எங்கள் மூட்டை வாயைப் பிரித்துக் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். பார்த்தால் பாதி சண்டு. இன்னொரு மூட்டையைப் பிரித்தார். அதிலும் அப்படித்தான். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்து கடைக்காரரே எழுந்து வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது? உங்க மூட்டையில இப்பிடிச் சண்டு கெடக்கு? நீங்க கலக்குற ஆள் இல்லையே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தப் பிடியிலிருந்து ஒரு வத்தலை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். அப்படியும் இப்படியும் திருப்பினார். எருக்கம்பூவைப் போல வெளுத்துப்போன வத்தல் அது. அதை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் நீட்டி, "செவப்பாத்தானே இருக்கு" என்றார்.

யாரோ ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த நிமிஷம்தான் வாசற்படியும், டம்ளரும், களத்தில் தடவின தடவலும் மொத்தமாக என் புத்தியில் ஏறின.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய், ஒரு மூட்டை மேல் உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன்.

"எப்பருந்து கண்ணு தெரியலை?"

"தெரியுது. கொஞ்சம் மங்கலாத்தான்..."

"எப்பருந்துன்னு கேக்கேன்."

"மாசியில இருந்து. வலது கண்ணு சுத்தமா இல்ல. இடது கண்ணுல பொகை மாதிரி."

"டாக்டர் ஊசி வேண்டாம்னுட்டாருன்னு சொன்னீங்களே?"

தலையைக் குனிந்துகொண்டார். "நான் திருநெல்வேலிக்குப் போகவே இல்லளா. கயத்தாத்துல எறங்கிட்டேன். லாரி நிக்கிற எடத்துல ஒரு டீக்கடை இருக்குல்லா, அங்கனயே பொழுது போற வரைக்கும் உக்காந்துட்டு வந்தேன்" என்றார்.

கறுப்புக் கண்ணாடியும், தடுமாறின நடையும், எல்லாம் நடிப்பு. கூத்துக்காரன்கூட அப்படி நடிக்க மாட்டான். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"டாக்டரம்மா சொன்னாவல்லா? கிட்னிக் கொழாய்க்கு எது வேணுமோ அதைத்தான் கண்ணு ஊசி தடுக்குது. கொஞ்சம் ரத்தத்துலயும் கலக்குமாம். ரெண்டையும் காப்பாத்த நெனச்சா ரெண்டும் போயிரும். கண்ணு போனா என்ன, நீ கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவ. கிட்னி போச்சுன்னா மிஷினுல ரத்தம் சுத்தம் பண்ண வாரத்துக்கு மூணு நாளு நீ கோவில்பட்டிக்கு அலையணும். இப்பமே உனக்கு ஏலலை. தெனமும்தான் கேக்குதேனே. அதான் ஒண்ணை விட்டுட்டேன்."

மிளகாய்ச் செடியைக் கலைக்கிற மாதிரி இந்த மனுஷன் தன் கண்ணைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். இரக்கப்படாமல். யாரையும் கேட்காமல். அதுவும் யாருக்காக? என் முட்டி வலிக்காக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. "யாரைக் கேட்டு விட்டீங்க? நான் கேட்டேனா? என் வாய் பொலம்பும். அது பாட்டுக்குப் பொலம்பும். காலு நின்னுச்சா? ஒருநாளாவது பஸ்ஸை விட்டேனா? வாய்க்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கத்தினது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அழுகை வந்துவிட்டது. அழுத வேகத்தில், வத்தல் அள்ளின கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன்.

ஐயோ, அந்த எரிச்சல்! கண் இரண்டும் நெருப்பாகிவிட்டது. திறக்க முடியவில்லை. தாரை தாரையாகத் தண்ணீர். நான் துடிப்பதைக் கேட்டு அவர் பதறி எழுந்து, "தண்ணி கொண்டாங்க, தண்ணி கொண்டாங்க" என்று காற்றில் கையைத் துழாவினார். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் என்னைத் தேட, நான் அவரைத் தேட, இரண்டு பேரும் மூட்டை தட்டி விழாத குறை. கடைசியில் கடைக்காரரே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, "யக்கா, கண்ணைத் தெறந்துக்கிடுங்க" என்று ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். முழுக்க நனைந்துபோனேன். அவ்வளவு நேரம் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபோதுதான், இவர் இரண்டு மாதமாக எதற்குள் நடமாடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த எரிச்சல் தீர்ந்தும் என் அழுகை நிற்கவில்லை.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. மூட்டையைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவில்லை. "வத்தல் இங்கன கெடக்கட்டும். நம்ம ஆளுகளை வச்சுப் பிரிச்சுக்கிடுதேன். நீங்க மொதல்ல டாக்டரைப் பாருங்க அண்ணாச்சி" என்று, கோவில்பட்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பின வண்டியில் முன்பக்கம் எங்களை ஏற்றிவிட்டார்.

வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நான் பேசாமல் போன ஒரே பயணம் அதுவாகத்தான் இருக்கும். எட்டயபுரம் தாண்டினதும் அவர் பயந்துவிட்டார். "ஏளா, ஏதாவது பேசேன். வையவாவது செய்யி" என்றார். எனக்கு வையவும் தெம்பில்லை.

நனைந்த சேலையும் சிவந்த கண்ணுமாக நான் போய் நின்றதைப் பார்த்து டாக்டரம்மா எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு இவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் சொன்னதுல பாதியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே அண்ணாச்சி. ரொம்பக் கம்மின்னு சொன்னேன், பார்த்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன். அது காதுல விழலையா?" என்றார்.

இவர் செடி கலைக்கிற நியாயத்தை அவரிடமும் சொன்னார். டாக்டரம்மாவும் இந்தப் பக்கத்துக்காரர்தான், அந்த வேலை என்னவென்று தெரியும். "அது ரெண்டு செடின்னா சரி அண்ணாச்சி. ஒண்ணைப் பிடுங்குனா இன்னொண்ணுக்கு ஈரம் மிச்சம். இது ஒரே செடி. கண்ணும் கிட்னியும் அதுல ரெண்டு கெளை. ஒரு கெளைய ஒடிச்சா இன்னொரு கெளைக்குத் தண்ணி கூடிருமா?" என்றார்.

டாக்டரம்மா ரத்தமும் யூரினும் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்தது. கிட்னி மார்கழியில் இருந்ததைவிட இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஊசியை நிறுத்தினதால் ஒரு அணுவும் மிச்சமாகவில்லை. கண்ணைக் கொடுத்ததற்குக் கிட்னி பதிலுக்கு ஒன்றும் தரவில்லை. அதைக் கேட்டபோதுதான் என் வீட்டுக்காரர் முதல்முறையாக அழுதார். சத்தமில்லாமல், வண்டியில் வரும்போது வெயிலுக்கு மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

எங்கள் முன்னாலேயே டாக்டரம்மா திருநெல்வேலி கண் டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். எந்த ஊசி ரத்தத்தில் குறைவாகக் கலக்கும், எந்த இடத்துக்கு லேசர் போதும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை பிரஷரும் யூரினும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் பேச்சு. இத்தனை மாதமாக இரண்டு டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நாங்கள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். போனை வைத்துவிட்டு டாக்டரம்மாவும் அதை ஒத்துக்கொண்டார். முன்னமே பேசியிருக்கணும் என்றார்.

மறுநாள் திருநெல்வேலி. வலது கண்ணுக்குள் ரத்தம் உறைந்து, பின்பக்கத் திரை இழுத்துக்கொண்டுவிட்டது. ஆபரேஷன் செய்தும் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இடது கண்ணுக்கு ஊசியும் லேசரும் நடந்தது. அதில் இப்போது பாதிப் பார்வை இருக்கிறது. என் முகம் தெரிகிறதா என்று கேட்டால், "தெரியுது, அழகு குறைஞ்சாப்பில இருக்கு" என்கிறார். திமிர் மட்டும் குறையவில்லை.

கிட்னி அதன் போக்கில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவாக இறங்குகிறது என்கிறார் டாக்டரம்மா. அந்த வளர்ச்சிப் பொருளை மருந்தாகக் கொடுக்கிற நாள் வருமா, வந்தால் எங்களுக்கு எட்டுமா என்று போகும்போதெல்லாம் கேட்பேன். இன்னும் இல்லை என்பார். பிறகு பிரஷரைப் பார்ப்பார். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் மிஷினுக்குப் போக வேண்டியிருக்கும், மிஷின் குழாய் மாட்டக் கையில் நரம்பைத் தயார் பண்ணி வைத்துக்கொள்வோம் என்று போன மாதம் சொல்லியிருக்கிறார். ஆக, எதற்குப் பயந்து அவர் கண்ணை விட்டாரோ அது எப்படியும் வரத்தான் போகிறது. வரட்டும். பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தத் தையில் மிளகாயைத் தரம் பிரித்தது நான்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளினார். நடுநடுவே ஒரு வத்தலை எடுத்து இடது கண்ணுக்கு நேரே பிடித்து, "இது என்ன?" என்பார். "சண்டு" என்பேன். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போடுவார்.

மாதாமாதம் திருநெல்வேலி போகும்போது கயத்தாறில் பஸ் நிற்கும். "எறங்குதீங்களா?" என்று கேட்பேன். அவர் வெட்கத்தோடு சிரிப்பார். ஒருநாள் நிஜமாகவே இரண்டு பேரும் இறங்கி, அந்த டீக்கடையைத் தேடிப் போனோம். அவர் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார். வெயில் நேராக விழுகிற இடம். அதில் உட்கார்ந்து சீனி போடாமல் ஒரு டீயை இரண்டு பேரும் பங்குபோட்டுக் குடித்தோம். அடுத்த பஸ் வந்ததும் ஏறிக்கொண்டோம்.

புலம்புவதை நான் விடவில்லை. விட முடியாது, அலுப்பு நிஜம். முட்டி வலியும் நிஜம். ஆனால் இப்போதெல்லாம் எட்டயபுரம் வரைக்கும் பாடிவிட்டுக் கடைசியில், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தோளைத் தட்டித் திருப்பி, "ஆனா வாரேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பேசாமல் கேட்டுக்கொண்டு வருகிறவர் மனசுக்குள் எதைப் பிடுங்கி எறிவது என்று முடிவு பண்ணிக்கொண்டிருப்பார் என்பதை விளாத்திகுளத்து வெயிலில் கண்ணெரியத் தெரிந்துகொண்டவள் நான். அதனால் எவ்வளவு களைத்துப்போயிருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் என் புலம்பலை முடிப்பதில்லை.